குப்பை போடாத மரம்

எங்கள் தெருவில் போன மாதம் ஒரே நாளில் பதினான்கு மரங்களை வெட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு கிளையை ஒடித்தாலே சண்டைக்குப் போகிற ஆள் நான் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வெட்டியது கோனோகார்பஸ் மரங்களை. எதிர்வீட்டு மதிலை ஒட்டி, இரண்டடிக்கு ஒன்றாக வரிசையில் நட்டவை. ஆறு வருஷத்தில் மதிலுக்கு மேல் இன்னொரு மதில் போல எழும்பி நின்றன. எதிர்வீட்டுக்காரர் எனக்கு நாலு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போன தீபாவளிக்குப் பிறகு அவர் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. பிளம்பர் தோண்டிப் பார்த்தால் குழாய்க்குள் குதிரைவால் மாதிரி வேர். குழாயை மாற்றினார்கள். நாலு மாதத்தில் மறுபடியும் அடைப்பு. இந்த மரத்தை வைக்கக்கூடாது என்று அரசாங்கமே ஆணை போட்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, அண்ணன் ஆள் வைத்து வெட்டிவிட்டார்.

வெட்டி முடித்த அன்று சாயங்காலம் போய் விசாரித்தேன்.

“அடுத்து என்னண்ணே வைக்கப் போறீங்க?”

“ஒண்ணும் வேணாம்ப்பா. பேவர் பிளாக் போட்டுரலாம்னு இருக்கேன். மகனும் போன்ல அதைத்தான் சொன்னான். குப்பை கிடையாது பாரு.”

அந்தக் கடைசி வாக்கியத்தால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த இடத்தில் கோனோகார்பஸ் வருவதற்கு முன்னால் ஒரு புங்கமரம் நின்றது. அதை வெட்டியபோதும் அண்ணன் சொன்ன காரணம் இதேதான். மாசி பங்குனியில் இலை கொட்டுகிறது, பூ கொட்டுகிறது, குப்பை. குப்பை என்று புங்கம் போயிற்று. குப்பை போடாது என்று கோனோகார்பஸ் வந்தது. அது குழாயை அடைத்தது. இப்போது குப்பையே இல்லாத சிமெண்டுக் கல் வரப்போகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் என்ன மிச்சம் இருக்கும்? வெயில்தான்.

எங்கள் அப்பத்தா உதிர்ந்த இலையைச் சருகு என்பார்கள். குப்பை என்று சொல்லி நான் கேட்டதில்லை. சருகு அடுப்புக்குப் போகும், மாட்டுத் தொழுவத்துக்குப் போகும், மிச்சம் எருக்குழிக்குப் போகும். உதிர்ந்த இலைக்கும் பிளாஸ்டிக் பைக்கும் ஒரே பெயர் வைத்தது நம் தலைமுறை. நம் பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம். அறுபதைத் தாண்டிய நாம்தான் வைத்தோம்.

நான் ஒரு வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். கடைசிப் பத்து வருஷம் வீட்டுக்கடன் பிரிவு. செக்காலை, கழனிவாசல், கோட்டையூர் என்று கட்டுகிற வீடுகளைப் பார்வையிட அலைந்திருக்கிறேன். எத்தனையோ எஸ்டிமேட் என் மேஜைக்கு வந்தது. போர்வெல் ஒரு வரி, சம்ப் ஒரு வரி, காம்பவுண்டுச் சுவர் ஒரு வரி, இரும்புக் கேட் ஒரு வரி, வாசலில் கிரானைட் ஒரு வரி. மரத்துக்கென்று ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. கிரகப்பிரவேசம் முடிந்து, வெயில் சுவரில் அறைந்து, பகலில் படுக்க முடியவில்லை என்று ஆன பிறகுதான் ஆட்டோ பிடித்து நர்சரிக்குப் போகிறார்கள். போனதும் கேட்கிற முதல் கேள்வி, “குப்பை போடாத மரமா ஒண்ணு குடுங்க.” கடைக்காரர் என்ன செய்வார்? கேட்டதைக் கொடுக்கிறார்.

அப்படிக் கேட்டு வாங்கியதுதான் கோனோகார்பஸ். இதில் இரண்டு இனம் உண்டு. ஒன்று அமெரிக்கக் கடற்கரையோரத்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் உண்டு. மற்றொன்று சோமாலியா, ஏமன் பக்கத்தது. துபாய், குவைத் என்று வேலைக்குப் போய் வந்தவர்கள் அங்கே சாலையோரம் பச்சைச் சுவராக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பாலைவனத்தில் மணல் காற்றைத் தடுக்க, உப்புத் தண்ணீரிலும் வளர்கிற மரம் வேண்டும் என்று அங்கே வைத்தார்கள். அங்கேயும் பிறகு குழாய் அடைப்புப் புகார்தான். நம் நாட்டில் தெலுங்கானாவில் சாலைகளுக்கு நடுவில் நட்டுத் தள்ளிவிட்டுப் பிறகு நிறுத்தினார்கள். குஜராத் அரசு 2023 செப்டம்பரில் தடை போட்டது. மகரந்தத்தால் சளி, இருமல், ஆஸ்துமா என்று வருகிறது, வேர் தரைக்கு அடியில் போகிற கேபிளையும் குழாயையும் கெடுக்கிறது என்று காரணம் சொன்னார்கள். 2025-இல் நம் தமிழக அரசும் இதை நடக்கூடாது என்று ஆணை போட்டது.

ஆணை வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். மரத்தின் பெயர்தான் மாறும். கேள்வி மாறாதவரை நர்சரிக்காரர் வேறு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

நம் சிவகங்கை, ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. சீமைக் கருவேலத்தை இங்கே கொண்டுவந்தபோது என்ன சொன்னார்கள்? தண்ணீர் வேண்டாம், காவல் வேண்டாம், வேலிக்கு ஆகும், விறகுக்கு ஆகும். எல்லாம் உண்மைதான். அந்தக் குணங்களாலேயே அது கண்மாய், தரிசு, வரத்துக்கால் என்று பாக்கியில்லாமல் பிடித்தது. 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை வெட்டி அகற்றச் சொல்லி, ஊர் ஊராக ஜேசிபி ஓடியது நினைவிருக்கிறதா? எதுவுமே கேட்காத மரம் என்று ஒன்று வந்தால் நாம் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மரம் என்பதால் நான் எதையும் தூற்றவில்லை. அப்படித் தூற்ற நம் ஊருக்கு வாயும் இல்லை. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்கிக் கட்டிய ஊர் இது. சிவன் கோயிலில் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாகலிங்க மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நித்தியகல்யாணிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர். சாலையெல்லாம் சித்திரையில் சிவக்கிற மயிற்கொன்றைக்கும் அதே மடகாஸ்கர்தான். காகிதப்பூ பிரேசில் பக்கத்துச் சரக்கு. எல்லாம் வந்தன, இருக்கின்றன, இருக்கட்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, வந்து நமக்கு என்ன தருகிறது என்று கேட்பதுதான் முறை. நிழல் தருகிறதா, பூ தருகிறதா, ஒரு குருவியாவது அதில் உட்காருகிறதா?

இன்னொன்று. இந்தக் கோனோகார்பஸும் நம் மருதமரமும் தாவரக் கணக்கில் ஒரே குடும்பம். நம் பிள்ளையார்பட்டிக்குத் தல விருட்சம் மருது. மருதங்குடி என்றே அந்த ஊருக்கு ஒரு பழைய பெயர். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளில் ஒன்றைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டார்கள், இன்னொன்றை நாம் சாக்கடையில் இருந்து பிடுங்கிக்கொண்டு இருக்கிறோம். குற்றம் குடும்பத்தின் மேல் இல்லை. இடம் பார்க்காமல், காரணம் பார்க்காமல் நட்ட நம் மேல்தான்.

இதைப் பேசினால் உடனே ஒருவர் எழுந்து, “நம்ம பெரிய வீடுகள்ல வாசல்ல மரமா இருந்துச்சு? அவுக இருக்கலையா?” என்பார். நல்ல கேள்வி. உண்மைதான், நகரத்தார் வீடுகளில் தெரு முகப்பில் தோட்டம் கிடையாது. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு அடுத்த தெருவரை போகும். ஆனால் அந்தச் சுவரின் கனம் என்ன? நடுவில் வானம் பார்த்த முற்றம் எதற்கு? சூடான காற்று மேலே போகவும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கவும்தானே! சுவருக்குச் சுண்ணாம்புக் காரை, தரைக்கு ஆத்தங்குடிக் கல், மேலே ஓடு. அந்த வீட்டுக்குள்ளேயே நிழல் இருந்தது. வெளியே ஊருணிக் கரையில் ஆலும் அரசும் வேம்பும் நின்றன. நாம் கட்டியிருப்பது ஒன்பது அங்குலச் சுவரும் தட்டையான கான்கிரீட் தளமும். முற்றத்தை மூடி ஹால் ஆக்கிவிட்டோம். இந்த வீட்டுக்கு நிழல் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதையும் குப்பை என்று வெட்டிவிட்டு மாடிக்கு மாடி ஏசி மாட்டுகிறோம்.

நம் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே இன்னொரு சங்கடம். காரைச் செடிகள் மண்டிய இடத்தில் உண்டான ஊர், அதனால் காரைக்குடி என்று சொல்வார்கள். சுண்ணாம்புக் காரையால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள். எது சரியோ, இப்போது இரண்டுமே இல்லை. காரைச் செடியை அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? முள்ளும், சின்ன மஞ்சள் பழமுமாக, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பறித்துத் தின்றோமே, அதுதான். மாநகராட்சியாகிவிட்ட ஊர், தன் பெயருக்குக் காரணமான செடியை ஒரு பூங்காவிலாவது பெயர்ப்பலகையோடு வைக்கக்கூடாதா?

சரி, எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல் வாதம், வேர் சுவரை உடைக்கும். உடைக்கும்தான், இடம் பார்க்காமல் வைத்தால். ஆல், அரசு, அத்தி வகை எதையும் வீட்டு மனையில் வைக்காதீர்கள். தொட்டியில் அழகாக விற்கிறார்களே பைகஸ், அதுவும் அத்திக் குடும்பம்தான். தொட்டிக்குள் இருக்கிறவரை சாது. தரையில் இறக்கினால் குணம் காட்டும். வேம்பு, புங்கம், புன்னை மாதிரி பெரிய மரங்களைச் சுவரிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்கு, குழாய் போகிற பக்கம் மரமே வேண்டாம். அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்குச் சின்ன மரங்கள் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, காற்றில் விழும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்ததை மறக்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். நம் தெருக்களிலும் மரங்கள் சாய்ந்தன. ஆனால் எல்லா மரமும் ஒன்றுபோல விழுவதில்லை. சீக்கிரம் வளர்கிற மரம் சீக்கிரம் முறியும். மயிற்கொன்றை, மஞ்சளாகப் பூக்கிற இயல்வாகை, முருங்கை எல்லாம் பலவீனமான கட்டை. மகிழம் மெதுவாக வளரும், உறுதியாக நிற்கும். வருஷம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால் கிளை கழித்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து போகும். முடி வெட்டிக்கொள்ள மாதா மாதம் போகிறோம், மரத்துக்கு வருஷம் ஒருநாள் ஆள் வைக்க யோசிக்கிறோம்.

மூன்றாவது, பாம்பு வரும். பாம்பு எலிக்காக வருகிறது. வீட்டுப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிற பழைய செங்கல், மரச்சட்டம், சிமெண்டுச் சாக்கு, இவைதான் எலிக்கு வீடு. முதலில் அவற்றை அப்புறப்படுத்துவோம்.

நான்காவது, காரில் பறவை எச்சம் போடுகிறது. இதைச் சொல்கிறவர்கள் ஒருமுறை திருப்பத்தூர் பக்கத்தில் இருக்கிற வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போய்வர வேண்டும். 1977-இல் அரசு சரணாலயமாக அறிவித்தது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள், வருஷத்துக்கு ஒருநாள் வருகிற பண்டிகை, அதில் வெடியை விட்டுக்கொடுக்கிறார்கள். அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற நமக்குக் காரின் மேல் விழுகிற ஒரு சொட்டு பொறுக்கவில்லை.

ஐந்தாவது வாதம்தான் உண்மையான வாதம். யார் பெருக்குவது?

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். காரணம், மரத்தைப் பற்றி இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆண்கள் பெரும்பாலும் விளக்கமாற்றைத் தொடாதவர்கள். மேற்படி பக்கங்களை எழுதிவிட்டு வழக்கம்போல என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். வேட்டங்குடி வரை கேட்டாள். பிறகு, “எல்லாம் சரிங்க. நம்ம வீட்டுப் பவழமல்லியை யார் வெட்டினதுன்னு எழுதினீங்களா?” என்றாள்.

எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

1986-இல் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, தேவகோட்டையில் அவளுடைய அம்மா வீட்டிலிருந்து ஒரு பவழமல்லிக் கன்றைக் கொண்டுவந்து கேட்டுக்கு வலது பக்கம் வைத்தாள். மொட்டு சாயங்காலம் விரியும், விடிவதற்குள் அத்தனையும் உதிர்ந்துவிடும். தரையில் விழுந்ததை எடுத்துச் சாமிக்கு வைக்கலாம் என்று விதிவிலக்கு பெற்ற பூ அது. ஆவணியிலிருந்து மார்கழி வரை எங்கள் வாசலில் கோலம் வேண்டியிருக்காது. 2011-இல் நான் கார் வாங்கினேன். நிறுத்த இடம் வேண்டும், தவிர காலையில் காரெல்லாம் பூ ஒட்டிக்கொள்ளும், காம்பின் சாயம் பிடித்துவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் கூப்பிட்டு வெட்டிச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவள் பார்த்தாள். “வெட்டியாச்சா” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டப் பயமாக இருந்ததால் 2022-இல் காரை விற்றுவிட்டேன். காரும் போயிற்று, மரமும் போயிற்று. மிச்சம் நின்றது சிமெண்டும், அதில் வட்டமாக ஒரு எண்ணெய்க் கறையும். சித்திரையில் அந்தத் தளத்தில் செருப்பில்லாமல் நாலடி வைக்க முடியாது. மழை பெய்தால் தண்ணீர் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடும். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது தோண்டிய மழைநீர்த் தொட்டி அந்தச் சிமெண்டுக்கு அடியில்தான் எங்கேயோ இருக்கிறது. அதை மூடியதும் நான்தான்.

ஆக, அண்ணனைப் பார்த்துப் பேச எனக்கு இருக்கிற ஒரே தகுதி, அவர் செய்யப்போகிற தவறைப் பல வருஷம் முந்தியே நான் செய்து பார்த்துவிட்டேன் என்பதுதான்.

இப்போது பெருக்குகிற விஷயம். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில், கொத்தனாரை வைத்து அந்தத் தளத்தில் நாலடிக்கு நாலடி உடைத்தேன். எங்கள் தெருக் கோடியில் தனியாக இருக்கிற ஆச்சி வீட்டுப் பின்கட்டில் வயதான பவழமல்லி ஒன்று உண்டு. அதன் அடியில் தானாக முளைத்த கன்றுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து நட்டேன். நட்ட நாளே ஒரு ஒப்பந்தம்: தெளித்துக் கோலம் போடுவது அவள், பெருக்குவது நான். குனிந்து பெருக்க முழங்கால் இடம் கொடுக்காது. நீளக் கைப்பிடி வைத்த ஈர்க்குமாறு வாங்கினேன். தெரு முன்னால் உள்ள வேம்பின் இலையையும் சேர்த்துப் பெருக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. மாசி பங்குனியில் இருபது நிமிஷம். இந்த வயதில் டாக்டர் சொல்லி வாக்கிங் போகிறோம், வராந்தாவில் நின்று கையைக் காலை ஆட்டுகிறோம். அதில் இருபது நிமிஷத்தை எடுத்து இங்கே வைத்தால் கணக்கு தீர்ந்தது.

பெருக்கியதைக் கொளுத்தாதீர்கள். புகை அடுத்த வீட்டு ஆஸ்துமாக்காரருக்குத்தான் போகிறது. மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு செங்கல் வரிசை வைத்து, சருகை அதற்குள்ளேயே தள்ளிவிடுங்கள். மழையில் மக்கிவிடும். நம் செம்மண் கோடையில் கல்லாக இறுகுகிற மண். அதன் மேல் சருகு கிடந்தால் ஈரம் நிற்கும். எருவும் வாங்க வேண்டாம், குப்பை வண்டிக்காரரிடம் கெஞ்சவும் வேண்டாம்.

இனி எதை வைப்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாசலில் நாலைந்தடி அகலம்தான் இருக்கிறது என்றால் நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, மருதாணி போதும். பூஜைக்குப் பூ, கண்ணுக்குப் பச்சை. மதிலை மறைக்கத்தான் வேண்டும் என்றால் கோனோகார்பஸ் வேண்டாம், மருதாணியையும் நந்தியாவட்டையையும் நெருக்கமாக வைத்து வெட்டிவிட்டு வாருங்கள். அரளி அழகுதான், தண்ணீரும் கேட்காது. ஆனால் அதன் இலை, தண்டு, வேர் எல்லாமே விஷம். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீட்டிலும் ஆடு மாடு நுழைகிற வாசலிலும் வைக்காதீர்கள். வீட்டுக்குள் தொட்டியில் வைக்க, பெரிய இலையில் வெள்ளைப் புள்ளி போட்ட டிபன்பேக்கியா விற்கிறார்கள். குழந்தை அதைக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சு வராது. வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

பத்துப் பன்னிரண்டடி இருந்தால் பவழமல்லி, அல்லது சரக்கொன்றை. சித்திரையில் ஊரே வறண்டு கிடக்கும்போது சரக்கொன்றை ஒன்று பூத்து நின்றால் அந்த வீட்டுக்கு விலாசமே தேவையில்லை.

பின்பக்கம் தாராளமாக இடம் இருந்தால் வேம்பு, புங்கம், மகிழம், புன்னை. புங்கம் பழைய இலையை உதிர்ப்பது பங்குனி வாக்கில்தான். கத்திரி வெயில் வரும்போது புது இலையோடு தயாராக நிற்கும். நமக்கு எப்போது நிழல் வேண்டும் என்று தெரிந்த மரம். மகிழம் மெதுவாக வரும், நாம் பார்ப்போமா என்று யோசிக்கிற வயது நமக்கு. வையுங்கள், பேரன் பார்ப்பான். அதன் பூ காய்ந்த பிறகும் மணக்கும். நாகலிங்கம் மட்டும் வீட்டில் வேண்டாம், கோயிலோடு இருக்கட்டும். அதன் காய் பீரங்கிக் குண்டு கனம். உங்கள் தலையில் விழாவிட்டாலும் காரில் விழும்.

வாங்கப் போகும்போது நர்சரியில் கேட்கிற கேள்வியையும் மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை அடி உயரும், வேர் எப்படி ஓடும், எந்த மாதம் இலை உதிரும், எந்த மாதம் பூக்கும் என்று கேளுங்கள். பெயர் தெரியாத செடியை, “சும்மா ஷோவுக்கு சார்” என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் போனில் சொல்வார்கள், எதற்கப்பா தொந்தரவு, கல் போட்டுவிடுங்கள் என்று. அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவர்கள். மீதி முந்நூற்று ஐம்பது நாளும் அந்த வெயிலில் இருக்கப்போவது நாம். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கல் போடலாம். ஆள் இருக்கிற வீட்டுக்கு எதற்கு?

எங்கள் பவழமல்லி இந்தப் புரட்டாசியில் பூக்க ஆரம்பித்தது. முதல் நாள் பதினோரு பூ. என் மனைவி எண்ணிவிட்டுச் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆச்சி வீட்டு மரத்தடியில் இன்னும் கன்றுகள் நிற்கின்றன. அவர்களிடம் கேட்டுவிட்டேன். “எடுத்துக்கிட்டுப் போகட்டும், மண்ணோட எடுக்கச் சொல்லு” என்றார்கள். நம் ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள், தோண்டித் தருகிறேன்.

ஒரு கன்றை ஏற்கெனவே தனியாக எடுத்துப் பழைய பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறேன். அது எதிர்வீட்டு அண்ணனுக்கு. பேவர் பிளாக் லாரி வியாழக்கிழமை வருகிறதாம். இன்றைக்குத் திங்கட்கிழமை. அண்ணே, நான் எழுதுவதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கல் எல்லா இடத்திலும் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புங்கமரம் நின்ற இடத்தில் மட்டும் நாலடிக்கு நாலடி விட்டுவிடச் சொல்லுங்கள். பெருக்குவதற்கு நான் வருகிறேன்.